சுன்னாகத்து ஊரவர்களுக்கு ஒரு வேண்டுகோள்



ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் கல்வெட்டு நூலைப் புரட்டினால் ‘மனைவி புலம்பல்’ என்று ஒரு பகுதி இருக்கும். விருத்தப்பாவில், எதுகை மோனை பிசகாமல் இருக்கும். எழுதியவர் பெரும்பாலும் யாரோ ஒரு பாவலர். புலம்ப வேண்டியவரிடம் ஒரு சொல் கேட்டிருக்க மாட்டார்கள். பொட்டை அழிக்கும்போதும் கேட்பதில்லை, தாலிக்கொடியைக் கழற்றும்போதும் கேட்பதில்லை.

நாங்கள் சுன்னாகம், மயிலணி, கந்தரோடைப் பக்கத்துப் பெண்கள் சிலர். எங்களில் பாதிப்பேர் கணவரை இழந்தவர்கள். சடங்குகளைக் கைவிடச் சொல்லி இதை எழுதவில்லை. அடுப்பு மூட்டாத நாள்களில் அயலட்டையார் கொண்டுவந்த சோறுதான் எங்களை எழுப்பி இருத்தியது. அந்தியேட்டிக்குக் கீரிமலை போய்வரும்வரை வீடு நிறைய ஆள் இருந்ததும் பெரிய ஆறுதல்.

நோவு அதற்குப் பிறகுதான். கலியாண மண்டப வாசலில் பன்னீரும் சந்தனமும் குங்குமமும் வைத்த தட்டோடு நிற்கும் பிள்ளை, எங்களைக் கண்டதும் தட்டைக் கொஞ்சம் பின்னுக்கு இழுக்கிறாள். அவளில் பிழையில்லை, பெரியவர் யாரோ கண் காட்டியிருப்பார். வெளிக்கிடும்போது நாங்கள் எதிர்ப்பட்டால் ‘முழுவியளம் சரியில்லை’ என்று திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறார்கள். மனைவியை இழந்த ஆணைக் கண்டு எவரும் பயணத்தை நிறுத்தியதில்லை. ஆட்டத்திவசம் முடியுமுன்பே அவருக்குப் பெண் பார்க்கிறோம். தனியாக நின்று மகளைப் படிப்பித்து ஆளாக்கிய தாயோ, அவளுடைய தாலிகட்டின்போது பின்வரிசையில் இருக்கிறார்.

இதைப் பரம்பரை வழமை என்பார்கள். 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் கொண்டுவந்த தேசவழமைச் சட்டம், கணவன் இறந்தபின் மறுமணம் செய்யும் தாயின் பிள்ளைகளுக்குச் சொத்து எப்படிச் சேரவேண்டும் என்று வகுத்திருக்கிறது. மறுமணமே நடவாத ஊருக்கு அந்த விதி எதற்கு? ஊர் நினைத்தால் வழமையை மாற்றலாம்: மகாராஷ்டிரத்தில் ஹேர்வாட் என்ற கிராமம் 2022 மே மாதம் ஊர்ச்சபை கூடி, வளையல் உடைப்பதையும் குங்குமம் அழிப்பதையும் நிறுத்தத் தீர்மானித்தது. சட்டம் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

அடுத்த செத்தவீட்டில் தாலியிலோ பொட்டிலோ கைவைக்குமுன் கணவரை இழந்தவரைக் கேளுங்கள். வெள்ளைச் சேலைதான் மனதுக்கு ஆறுதல் என்றால் உடுக்கட்டும். சுடலைவரை வர விரும்பினால் படலையில் மறிக்காதீர்கள். சாமத்தியவீட்டுக்கும் கலியாணவீட்டுக்கும் அவரிடமும் நேரில் போய்ச் சொல்லுங்கள். ஆலாத்தித் தட்டை அவர் கையிலும் கொடுங்கள். இதைப் பெரியவர்களும் ஐயர்மாரும் முன்னின்று சொன்னால் ஊர் கேட்கும்.

கல்வெட்டு அச்சுக்குப் போகுமுன், அந்தப் புலம்பலை அவருக்கு ஒருதரம் வாசித்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
சுன்னாகம் பகுதிப் பெண்கள்