வரிசை எண்ணுக்குப் பின்னால் இருக்கும் விதிகள்

பலதுறை மருந்தகம், வங்கி, வீவக கிளை, தொலைத்தொடர்புக் கடை என எங்கு போனாலும் நாம் முதலில் செய்வது ஒன்றுதான். இயந்திரத்தில் வரிசை எண் எடுத்துக்கொண்டு உட்காருகிறோம். நமக்குப் பின்னால் வந்தவரின் எண் முன்னதாகத் திரையில் தோன்றினால் சற்று எரிச்சல் வருகிறது. ஆனாலும், “கணினிதானே அழைக்கிறது, சரியாகத்தான் இருக்கும்” என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம்.

அந்தச் சமாதானத்தில் எனக்கு உடன்பாடில்லை. அழைப்பது கணினிதான். ஆனால், யாரை முதலில் அழைக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு மனிதர். அவர் போட்டுவைத்த விதி நியாயமானதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

பல்கலைக்கழகத்தில் தகவல் முறைகள் படிக்கும் நான், கடந்த விடுமுறையில் ஒரு சேவை நிலையத்தில் வேலைப் பயிற்சி செய்தேன். அங்கேதான் இந்த விதிகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தேன். ஒவ்வொரு முகப்பிலும் உள்ள கணினிக்குச் சில விவரங்களை முன்கூட்டியே பதிந்துவைக்க வேண்டும். இந்த முகப்பு எந்தெந்தச் சேவைகளைக் கவனிக்கும், அவற்றில் எதற்கு முன்னுரிமை, ஓர் எண்ணை எத்தனை முறை அழைக்கலாம், ஆள் வராவிட்டால் என்ன செய்வது என்பவையே அவை. ஊழியர் ‘அடுத்தவர்’ என்ற பொத்தானை அழுத்தும்போது, யார் அந்த அடுத்தவர் என்பது ஏற்கெனவே முடிவாகியிருக்கும்.

இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம். ஒரு நிலையத்தில் நான்கு முகப்புகள். படிவம் கொடுக்க வருவோருக்கு ‘ஏ’ எண். ஆளுக்கு 3 நிமிடம் போதும். ஆலோசனை கேட்க வருவோருக்கு ‘பி’ எண். ஆளுக்கு 15 நிமிடம் தேவை. நான்கு முகப்புகளிலும் “முதலில் ஏ, ஏ இல்லாவிட்டால் பி” என்று பதிந்திருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் 60 ஏ, 6 பி வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஏ வேலைக்கு 180 நிமிடம், பி வேலைக்கு 90 நிமிடம், ஆக மொத்தம் 270 நிமிடம் தேவை. நான்கு முகப்புகளிடம் இருப்பதோ 240 நிமிடம்தான்.

குறையும் அந்த 30 நிமிடம் யார் தலையில் விழுகிறது? முழுவதும் பி எண்காரர்களின் தலையில்தான். மணிக்கு ஆறு பேர் வர, நால்வரே அழைக்கப்படுவார்கள். காலை 9 மணிக்குக் கதவு திறந்தால், நண்பகலில் ஆறு பேர் நாற்காலியிலேயே இருப்பார்கள். அவர்களில் கடைசியாக வந்தவர் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

மாலையில் வரும் அறிக்கையில் இது தெரியாது. ஏ எண்காரர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பதால் சராசரிக் காத்திருப்பு சில நிமிடங்கள் என்றே காட்டும். பொறுமை இழந்து வீட்டுக்குப் போன பி எண்காரரை, அழைத்தும் வராதவர் என்ற கணக்கில் சேர்த்துவிட்டால், அவர் காத்திருந்த நேரம் சராசரிக்குள் வராமலும் போகலாம். அறிக்கையைப் பார்க்கும் மேலாளர் எல்லாம் நலம் என்று நினைப்பதில் வியப்பில்லை.

அப்படியானால் முன்னுரிமையே வேண்டாம், வந்த வரிசைப்படி அழைத்தால் போதும் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அதுவும் சரியாகப் படவில்லை. கையெழுத்துப் போட மட்டும் வந்தவரை நீண்ட ஆலோசனைகளுக்குப் பின்னால் நிறுத்துவது நியாயமல்ல. கர்ப்பிணிகளுக்கும் மூத்தோருக்கும் முன்னுரிமை தருவதை யாரும் குறைகூற மாட்டார்கள். முன்னுரிமை இருக்கட்டும். அதற்கு ஓர் எல்லையும் இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

அந்த எல்லையை வைப்பது கடினமில்லை. எந்த எண்ணாக இருந்தாலும், 30 நிமிடம் காத்திருந்தவர் தானாக முன்னே வருமாறு விதி எழுதலாம். கணினித் துறை மாணவர்கள் இயங்குதளப் பாடத்தில் படிக்கும் பழைய உத்திதான் இது. முகப்புகளின் எண்ணிக்கையை இது கூட்டாது. ஆனால், குறையை எல்லோரும் பகிர்ந்துகொள்ளும்போது அது அறிக்கையில் தெரியும். ஐந்தாவது முகப்பைத் திறக்க வேண்டும் என்ற பேச்சும் வரும். எத்தனை முகப்பு தேவை என்று கணக்கிடும் வழி புதிதன்று. கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஏ. கே. எர்லாங் 1909ஆம் ஆண்டிலேயே இத்துறையின் முதல் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டுவிட்டார்.

அடுத்தது, அழைத்தும் வராதவர்களின் நிலை. என் பாட்டிக்குத் திரையில் ஓடும் ஆங்கிலம் புரியாது. ஒருமுறை மருந்தகத்தில் அவர் கழிவறைக்குப் போய்வருவதற்குள் எண் கடந்துவிட்டது. புதிய எண் எடுக்கச் சொன்னார்கள். ஊழியர்மீது எனக்குக் கோபமில்லை. அவருடைய கணினி அந்த எண்ணை அழித்துவிட்டிருந்தது. ஒரு முறை அழைத்ததும் அழிக்காமல் ஓரமாக வைத்து, ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் அழைக்குமாறு பதிந்திருந்தால், அவர் மீண்டும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டியிருக்காது.

மொழியும் அப்படித்தான். எம்ஆர்டி நிலையங்களில் நான்கு மொழிகளில் அறிவிப்பு கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வரிசை எண்ணைத் தமிழில் அழைப்பது அதைவிட எளிது. ‘இருநூற்று மூன்று’ என்று கோத்துச் சொன்னால் நிறைய ஒலிப்பதிவுகள் வேண்டும். ‘இரண்டு, பூஜ்யம், மூன்று’ என்று இலக்கம் இலக்கமாகச் சொன்னால் பத்துச் சொற்களும் ‘எண்’, ‘முகப்பு’ போன்ற ஓரிரு சொற்களும் சில எழுத்துகளும் போதும். அரை நாளில் பதிவுசெய்துவிடலாம்.

“மூத்தோர் செயலியைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளட்டும்” என்பது அடிக்கடி கேட்கும் பதில். கற்றுக்கொடுப்போம், தவறில்லை. ஆனால், செயலியில் எடுத்த எண்ணும் இதே விதிகளின்படிதான் அழைக்கப்படுகிறது. விதி கோணலாக இருந்தால் கைப்பேசியில் காத்திருந்தாலும் அதே காத்திருப்புதான்.

நம்மில் பலர் நாளை தகவல் தொழில்நுட்பத்திலோ வணிக நிர்வாகத்திலோ மருத்துவமனை நிர்வாகத்திலோ வேலை செய்யப்போகிறோம். இத்தகைய முகப்புகளை அமைக்கும் பொறுப்பு நமக்கு வரலாம். நிறுவனம் தந்த அமைப்பை அப்படியே விட்டுவிடாமல், ஒரு காலைப்பொழுது காத்திருப்போர் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். முகப்பு ஊழியர்களிடம் கேளுங்கள். மாலையில் அறிக்கை வரும்போது சராசரியோடு நிறுத்தாமல், ஒவ்வொரு சேவையிலும் இன்று மிக அதிகமாகக் காத்திருந்தவர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பதையும் கேட்டு வாங்குங்கள்.