நீர்ப்புட்டியும் பூட்டிய கதவும்

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியின் அலுவலக மேசைகளில் மணிக்கணக்கு அச்சிட்ட நீர்ப்புட்டிகள் பெருகிவிட்டன. பத்து மணிக்குள் இந்தக் கோடு, நண்பகலுக்குள் அடுத்த கோடு. மாலைக்குள் எட்டுக் குவளை முடிந்தாக வேண்டும். நலமாக வாழும் எல்லோருக்கும் எட்டுக் குவளை தேவை என்பதற்கு அறிவியல் சான்று கிட்டவில்லை என்று சிறுநீரகவியல் அறிஞர் ஹைன்ஸ் வால்ட்டின் 2002-இலேயே எழுதினார். 1945-இல் அமெரிக்க உணவு, ஊட்டச்சத்து வாரியம் இரண்டரை லிட்டர் என்று சொன்னபோது, அதில் பெரும்பகுதி உணவிலேயே இருக்கிறது என்றும் சேர்த்தே சொன்னது. முதல் வாக்கியம் உலகைச் சுற்றிவந்தது. அடுத்த வாக்கியம் வழியிலேயே உதிர்ந்தது. மேற்கோள்களுக்கு வழக்கமாக நேரும் விபத்துதான்.

ஆனால் எலெக்ட்ரானிக் சிட்டியில் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை குவளை என்பதன்று. குடித்த நீரை எங்கே கழிப்பது என்பதே. புட்டியை நிரப்புகிறவருக்குப் பத்தடியில் கழிப்பறை இருக்கிறது. அதே வளாகத்தின் வாயிலில் பன்னிரண்டு மணிநேரம் நிற்கும் காவலருக்கு, மாற்று ஆள் வந்தால்தான் அந்த வசதி. உணவு கொண்டுவரும் இளைஞருக்கு வரவேற்பறைக்கு அப்பால் அனுமதியில்லை. ஓசூர்ச் சாலை நெரிசலைக் கடந்து வேலைக்கு வரும் பெண்கள் பலர், புறப்படுவதற்கு ஒரு மணிநேரம் முன்பே நீரை நிறுத்திவிடுகிறார்கள். இதை அறியாமை என்று சொல்வது தவறு. கழிப்பறை கிடைக்காத பகற்பொழுதுக்கு அவர்கள் போட்டுக்கொண்ட கணக்கு அது.

அக்கணக்கின் விலையை உடல் கொடுக்கிறது. சிறுநீர் அடர்ந்தால் கல் உருவாக வாய்ப்பு மிகும். அடிக்கடி சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு ஆளாகும், குறைவாக நீர் பருகும் பெண்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2018-இல் வெளியாயிற்று. நாளும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகப் பருகியவர்களுக்கு ஓராண்டில் தொற்று ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. பெங்களூரின் மிதமான காற்று இன்னொரு மயக்கத்தைத் தருகிறது: சென்னையைப் போல் வியர்வை சட்டையை நனைப்பதில்லை, ஆகவே இழப்பு கண்ணில் படுவதில்லை. சிறுநீரின் நிறம் வெளிறிய மஞ்சளா, அடர்மஞ்சளா என்று பார்ப்பது புட்டியின் கோடுகளைவிட நல்ல அளவுகோல். (இதயச் செயலிழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு உள்ளோர்க்கு மருத்துவர் விதித்த அளவே அளவு.)

தமிழில் 'நீர்' என்னும் சொல் உள்ளே செல்வதையும் வெளியேறுவதையும் சேர்த்தே சுட்டுகிறது. நீர் அருந்துகிறோம், நீர் பிரிகிறது, அது வலியோடு பிரிந்தால் நீர்க்கடுப்பு. மொழி ஒன்றாக வைத்திருப்பதை நலவாழ்வுச் சுவரொட்டிகள் பிரித்துவிட்டன. அவை குடிக்கச் சொல்வதோடு நின்றுவிடுகின்றன.

சட்டம் அப்படி நிற்கவில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 18-ஆம் பிரிவில் குடிநீரையும் 19-ஆம் பிரிவில் கழிப்பறையையும் அடுத்தடுத்து வைத்தது. குடிநீர் உள்ள இடம் பெரும்பாலான தொழிலாளர்க்குப் புரியும் மொழியில் குறிக்கப்பட வேண்டும், 250 பேருக்கு மேல் பணிபுரிந்தால் வெயிற்காலத்தில் குளிர்ந்த நீர் தர வேண்டும் என்றும் விதித்தது. எந்த மொழியில் எழுதுவது என்று சிந்தித்த ஒரு சட்டத்தின் வழித்தோன்றல்கள், கண்ணாடிக் கோபுரத்தின் வாயிற்காவலரைப் பற்றி இவ்வளவு அக்கறை கொள்ளவில்லை.

2024 மார்ச்சில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றியபோது, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் தண்டம் என்று நகரம் அறிவித்தது. அவ்வாண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் தொடங்கி, 110 கிராமங்களுக்கென நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் நீருக்கு வழி செய்தது. நூறு கிலோமீட்டர் அப்பாலிருந்து, மேட்டின்மேல் ஏற்றி நீரைக் கொண்டுவர முடிகிற நகரம் இது. சென்னை மாநகராட்சி 2025-இல் உணவு, பொருள் விநியோகத் தொழிலாளர்க்கெனக் குடிநீரும் கழிப்பறையும் உள்ள குளிரூட்டிய ஓய்வறையை அண்ணா நகரில் திறந்தது. எலெக்ட்ரானிக் சிட்டியில் அதற்குப் புதுக் கட்டடம்கூட வேண்டியதில்லை. ஒவ்வொரு வளாகத்தின் தரைத்தளத்திலும் ஏற்கெனவே இருக்கும் கழிப்பறையை, அடையாள அட்டை இல்லாதவர்க்கும் திறந்துவிட்டால் போதும்.