உலோகத் தொப்பியும் இளைஞர் உள்ளமும்

வேற்றுலகத்தார் வானினின்று இறங்கி மண்ணுலகை அடிமை கொள்ளும் கதைகள் சிறுபிள்ளைகளின் வீண்பொழுதுக்கே உரியவை என்றும், அவற்றுள் கற்கத்தக்கது யாதுமில்லை என்றும் நம்மவருட் கற்றோர் சிலர் கூறி வருகின்றனர். அத்தகைய நூலொன்றைப் பிள்ளையின் கையிற் கண்டவுடன் பிடுங்கி எறிந்துவிட்டுப் பாடப் புத்தகத்தைத் திணிக்கும் பெற்றோரும் உளர். இவ்விரு சாராரையும் நாம் ஒன்று கேட்கின்றோம்: அந்நூல்களுள் ஒன்றையேனும் தாங்கள் படித்ததுண்டா? படியாமலே போற்றுவது குருட்டுத்தனமாயின், படியாமலே தூற்றுவது மட்டும் அறிவுடைமை யாகுமோ?

சான்றாக ஒரு கதையை எடுத்து ஆராய்வோம். ஜான் கிறிஸ்டபர் என்னும் புனைபெயர் பூண்ட சாம் யூட் (1922–2012) என்ற ஆங்கில ஆசிரியர், இளைஞர்க்கென 'தி ஒயிட் மவுண்டன்ஸ்' என்னும் நாவலை 1967-ஆம் ஆண்டில் வெளியிட்டார். 'வெண்மலைகள்' என்பது அதன் பொருள். அவ்வாண்டிலேயே இரண்டாம் பாகமும், 1968-இல் 'தி பூல் ஆப் பயர்' என்ற மூன்றாம் பாகமும் வெளிவந்தன. 1984, 1985-ஆம் ஆண்டுகளில் பி.பி.சி. இக்கதையைத் தொலைக்காட்சித் தொடராக ஒளிபரப்பியது.

கதை இது: பெருநகரங்கள் பாழாய்க் கிடக்கின்றன. எஞ்சிய மக்கள் சிற்றூர்களில் பழங்காலத்தவரைப்போல் உழுது வாழ்கின்றனர். மூன்று கால்களையுடைய மாபெரும் யந்திரங்கள் நாடெங்கும் நடமாடி அவர்களை ஆளுகின்றன. பதினான்கு வயதெய்திய ஆணுக்கும் பெண்ணுக்கும் தலையில் உலோக வலைத் தொப்பி பதிக்கப்படும். அதன்பின் அவர் எதையும் எதிர்த்துக் கேளார். இதற்கு அஞ்சிய வில் பார்க்கர் என்னும் பதின்மூன்று வயதுச் சிறுவன், தோழர் இருவருடன் சேர்ந்து, சுதந்திர மனிதர் ஒளிந்து வாழும் வெண்மலைகளை நாடிச் செல்கின்றான்.

இந்நூலின் முதற்சிறப்பு யாதெனில், அடிமைத்தனம் எவ்வாறு வருகின்றதென்பதை ஆசிரியர் கண்டுகொண்டதே. தொப்பி சவுக்கடியுடன் வரவில்லை, விருந்துடன் வருகின்றது! பிள்ளைக்குத் தொப்பி ஏறும் நாளை ஊரே திருநாளாகக் கொண்டாடுகின்றது. நேற்றுவரை ஆயிரம் கேள்வி கேட்ட ஜாக் என்னும் நண்பன், தொப்பி ஏறியபின் கேள்வியற்ற நல்ல பிள்ளை ஆகிவிடுகின்றான். அந்த ஊர்களில் பஞ்சமில்லை, போருமில்லை. ஆசிரியர் நினைத்திருந்தால் அவ்வாட்சியை நரகமாகத் தீட்டி எளிதில் நம் வெறுப்பைப் பெற்றிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. சிந்தனையை விற்று வாங்கிய அமைதி வேண்டுமா என்று இளைஞனையே கேட்கின்றார். இக்கேள்வியினும் பெரிய பாடம் எந்தப் பள்ளிப் புத்தகத்தில் இருக்கின்றது?

இரண்டாவது சிறப்பு, கதாநாயகன் குறையற்ற வீரனல்லன் என்பது. அவன் சினங்கொள்வான், நண்பர்மேற் பொறாமைப்படுவான், கவனமின்றிப் பிழை செய்வான். மூன்றாவது, முடிவு. பகைவர் ஒழிந்ததும் மாந்தர் யாவரும் ஒன்றுபட்டு இன்புற்றனர் என்று ஆசிரியர் திரையை விடவில்லை. ஹென்றி என்னும் தோழன் உயிரீந்து பெற்ற விடுதலையை, நாட்டுக்கு நாடு பூசலிட்டுச் சிதைக்கத் தொடங்குகின்றனர் அம்மனிதர். தொப்பி கழன்றதனாலேயே அறிவு வந்துவிடாது என்னும் உண்மையைப் பிள்ளைகளுக்கு மறைக்காத இவ்வாசிரியரை நாம் பாராட்டுகின்றோம்.

இது நிற்க. குறைகளைக் கூறாது விடின் நாமும் தொப்பியிட்டோரே யாவோம்.

முதற்குறை சிறிதன்று. எலோயீஸ் என்னும் பெண் ஒருத்தி வில்லின் அன்புக்குரியவளாக வருகின்றாள். அவளும் தொப்பியணிந்தவளே. போட்டி விழாவின் அரசியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, மகிழ்ச்சியோடு வேற்றுலகத்தாரின் நகருக்குச் செல்கின்றாள். அங்கே அழகிய பெண்களைக் கொன்று, வண்ணத்துப்பூச்சிகளைப் போல் பதப்படுத்திக் காட்சிக்கு வைக்கின்றனர். இரண்டாம் பாகத்தில் அவளுடலை வில் அங்கே காண்கின்றான். படிப்போர் நெஞ்சு நடுங்கும் இடம் இது. ஆனால் ஆசிரியரை நாம் கேட்கின்றோம்: தாங்கள் செய்ததும் அஃதேயன்றோ? விடுதலைப் படையில் திட்டம் வகுப்போரும் ஆடவர், போரிடுவோரும் ஆடவர். பெண்ணுக்குக் கிடைத்தது காட்சிப்பெட்டி ஒன்றே!

"அக்காலத்தில் சிறுவர் நூல் அப்படித்தான் இருக்கும்" என்று சிலர் வக்காலத்து வாங்குவர். இவ்வாதம் செல்லாது. ஐந்தாண்டுகளுக்கு முன்னரே, 1962-இல், அமெரிக்காவின் மேடலின் லெங்கிள் அம்மையார் 'எ ரிங்கிள் இன் டைம்' என்னும் நாவலை வெளியிட்டார். அதில் மனங்களை அடக்கியாளும் கொடிய சக்தியினின்று தம்பியை மீட்பவள் மெக் என்னும் சிறுமி. ஆதலின் குறை காலத்தினுடையதன்று, கண்ணோட்டத்தினுடையதே.

இரண்டாவது குறை, வெற்றி எளிதாக வந்தது. விண்மீன்களைக் கடந்து வந்த பேரறிவாளர், குடிநீரிற் கலந்த மதுசாரத்தால் மயங்கி வீழ்கின்றனராம்! மது மனிதனை வீழ்த்துவதையே தோட்டப்புறத்திற் கண்டு பழகிய நமக்கு, அது மனிதனுக்கு விடுதலை வாங்கித் தந்ததென்பது நகைப்பையே தருகின்றது. மூன்றாவது குறை, உலகம் முதலில் எவ்வாறு பணிந்தது என்பதை இம்மூன்று பாகங்களும் தெளிவுறக் கூறாமை. 1988-இல் எழுதிய முன்கதையில் ஆசிரியர் இதற்கு விடையளித்தார்: மக்கள் விரும்பிப் பார்த்த தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றே அவர்தம் மனத்தை வசப்படுத்தியதாம். பொழுதெல்லாம் கைபேசித் திரையை நோக்கியிருக்கும் இந்நாளில் இதை வெறுங்கற்பனை என்று தள்ள எவர்க்குத் துணிவுண்டு?

நேயர்களே! குறையுண்டென்று நூலைப் பூட்டி வைப்பதும் தொப்பி போடுவதே. புகழுண்டென்று குறையை மறைப்பதும் தொப்பி போடுவதே. ஆங்கிலம் அறிந்தோர் இதைப் படித்து, அறியாத பிள்ளைகளுக்குத் தமிழிற் கதையாகச் சொல்லுங்கள். மகனுக்கு மட்டுமன்றி மகளுக்கும் சொல்லுங்கள். "எலோயீஸ் தப்பி வந்திருந்தால் என்ன செய்திருப்பாள்?" என்று அவளைக் கேளுங்கள். அம்மகள் சொல்லும் விடை ஆசிரியர் எழுதாது விட்ட பாகமாக இருக்கும்.