பசுமைக்குடிலில் எருவிடுதல்

ஓசூர்ப் பக்கத்துக் குடியானவர்களிற் பலர் பசுமைக்குடில் அமைத்துத் தக்காளியும் குடமிளகாயும் பயிரிட்டு வருகின்றனர். சென்ற பருவத்தில் அன்பர் ஒருவர் தமது தக்காளிக் குடிலைப் பார்வையிட என்னை அழைத்தார். செடிகள் செழித்திருந்தன, ஆயின் காய்களின் அடிப்புறம் கறுத்துக் குழிந்திருந்தது. "சுண்ணாம்புச் சத்துக் குறைவென்று மூன்று முறை சுண்ணாம்பு இட்டேன். கோழி எருவுக்கும் பொட்டாஷுக்கும் குறை வைக்கவில்லை. இனி என்ன இடுவது, ஐயா?" என்றார். "இனி ஒன்றும் இடவேண்டாம்" என்றேன்.

அவர் மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தது. காய்க்குத்தான் அது போய்ச் சேரவில்லை. அச்சத்து வேர் உறிஞ்சும் நீரோடு ஏறி, நீர் மிகுதியாய் ஆவியாகும் இலைகளுக்கே பெரும்பாலும் செல்லும். காய்க்குக் கிடைப்பது சொற்பம். பாசனம் ஒருநாள் மிகுந்தும் மறுநாள் குறைந்தும் போனால் அதுவும் தடைப்படும். கோழி எருவினின்று தோன்றும் அம்மோனியமும், அளவு மிஞ்சிய பொட்டாஷும் வேரிடத்தில் அதனுடன் போட்டியிடும். சுண்ணாம்பை மேலும் மேலும் இட்டால் மண்ணிற் காரம் ஏறி, இரும்பு, துத்தநாகம் முதலியன வேருக்கு எட்டாமற் போகும்.

வெளிநிலத்தில் மிஞ்சிய உப்பை மழை கரைத்துச் செல்லும். குடிலில் மழை இல்லை; மிஞ்சியது அங்கேயே தங்கும். நீர் நிறைந்த மண்ணின் சாற்றில் அளக்கும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 2.5 டெசிசீமன்ஸைத் தாண்டினால் தக்காளி மகசூல் குறையத் தொடங்கும். குடமிளகாய்க்கு இவ்வெல்லை 1.5, ஸ்ட்ராபெரிக்கு 1 மட்டுமே.

ஆகவே மண் பரிசோதனை முந்த வேண்டும், எரு பிந்த வேண்டும் என்பதே என் துணிபு. சுண்ணாம்புச் சத்து மெய்யாகவே குறைந்து, மண்ணில் புளிப்பு இல்லையாயின், ஜிப்சம் தகும். அதில் அச்சத்து நூற்றுக்குச் சுமார் 23 பங்கு உண்டு, காரத்தையும் ஏற்றாது. எனினும் ஜிப்சமும் ஓர் உப்பே. உப்பேறிய மண்ணை முதலில் நல்ல நீர் விட்டு வடித்தல் வேண்டும். நன்கு மக்கிய தொழு எரு ஈரத்தைச் சமமாய்க் காக்கும்.

பரிசோதனைக்குக் காத்திருந்தால் பருவம் போய்விடுமென்பர் சிலர். ஒரு பயிர் முடிந்து மறுபயிர் நடுவதற்குள் உள்ள இடைவெளியில் மண்ணெடுத்து அனுப்பினால் அக்குறை நேராது.

மேற்சொன்ன அன்பர் எருவை நிறுத்தி, நாள்தோறும் ஒரே அளவாய் நீர் பாய்ச்சினார். கறுத்த காய்கள் தேறவில்லை. பின் வந்த கொத்துகள் பெரும்பாலும் பழுதின்றி வந்தன. குடிலமைக்கச் சான்று வேண்டி வரும் குடியானவர்களிடம் கிராம அதிகாரிகள் மண் பரிசோதனையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார்களாயின், அது பெரிய உபகாரமாகும்.