நர்சம்மாவோட முருங்கை மரம்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ சித்தி வீட்டுக் கொல்லையில முருங்கை மரம் பாதி மொட்டையா நின்னுச்சு. "என்ன சித்தி, புயல் அடிச்சுதா?"ன்னு கேட்டேன். "புயலெல்லாம் இல்லடா, இந்த மாசம் எட்டு புள்ளத்தாச்சி"ன்னு சிரிச்சாங்க.

சித்தி கிராம சுகாதார செவிலியர். ஊர்ல அந்தப் பேர் யாருக்கும் தெரியாது, நர்சம்மான்னாதான் தெரியும். அரசாங்கக் கணக்குல சமவெளியில 5000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதின்னா 3000 பேருக்கு ஒண்ணு. கர்ப்பிணிகளைப் பதிவு பண்றது, தடுப்பூசி, குழந்தைகளுக்கு எடை பார்க்கிறது, வீடு வீடா போறது எல்லாம் அவங்க தலையிலதான். கணக்குல வராத இன்னொரு வேலை, ஒவ்வொரு புள்ளத்தாச்சி வீட்டுக்கும் ஒரு முருங்கைப் போத்து கொண்டுபோய் நட்டுட்டு வர்றது.

முதல்ல எனக்கு இது வேண்டாத வேலையாத்தான் பட்டுச்சு. இரும்புச்சத்து மாத்திரைதான் இலவசமா தர்றாங்களே, கீரை எதுக்கு? அதுக்கு சித்தி ஒரு கதை சொன்னாங்க.

ஒரு பொண்ணுக்கு ஹீமோகுளோபின் ஏறவே இல்ல. கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் கீழ போனா ரத்த சோகை. கேட்டா "தெனம் சாப்பிடுறேன்க்கா"ங்கிறா. ஒருநாள் போத்து நட அவ வீட்டுக் கொல்லைக்குப் போய் மண்ணைக் கொத்தினா, செவுத்தோரமா சிவப்பு சிவப்பா மாத்திரைங்க கிடக்கு! சித்தி திட்டல. நட்டு முடிச்சு, கை கழுவிட்டு, திண்ணையில உக்காந்து பேசியிருக்காங்க. மலம் கருப்பா போனதுல பயந்துட்டாளாம். போதாக்குறைக்கு, புள்ள கருப்பா பொறக்கும்னு மாமியார் வேற சொல்லிட்டாங்களாம். கருப்பா போறது சகஜம், பயப்பட ஒண்ணுமில்ல, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடு, கூடவே டீ குடிக்காதேன்னு சித்தி சொல்லியிருக்காங்க. அந்தப் பொண்ணுக்கு மட்டும் இல்ல, மாமியாரையும் பக்கத்துல உக்கார வச்சு.

நான் பொட்டி தட்டுறவன். இந்த மாதிரி படிவங்கள் செய்யிறதுதான் என் பொழப்பு. நான் செஞ்சிருந்தா "மாத்திரை வழங்கப்பட்டது: ஆம்"னு ஒரு கட்டம் வச்சிருப்பேன். அது பொய்யும் இல்ல, வழங்கினது உண்மைதானே! ஆனா கொல்லைன்னு ஒரு கட்டம் வைக்கணும்னு எனக்குத் தோணியிருக்காது. கணினிப் பதிவே வேண்டாம்னு சொல்ல வரல. எந்தப் பொண்ணும் விட்டுப்போகாம இருக்க அது வேணும். ஆனா அது பாக்கறது மாத்திரை கைக்குப் போன வரைக்கும்தான். அங்கேருந்து வாய்க்குப் போற தூரம் சித்திக்குத்தான் தெரியும்.

2021 ஏப்ரல் ஞாபகம் இருக்கா? நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கிட்டு ரெண்டு நாள்ல மாரடைப்புல போயிட்டாரு. ஊசிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னு டாக்டருங்க சொன்னாங்க. யார் கேட்டா? எங்க ஊர்ல கதவைச் சாத்திக்கிட்டாங்க. சித்தி எங்க பாட்டிக்கு ஊசி போட்டு, மூணு நாள் வாசத் திண்ணையிலேயே உக்கார வச்சிட்டாங்க. போற வர்றவங்ககிட்ட எல்லாம் பாட்டி, "நான் செத்தா போயிட்டேன்? போய்ப் போட்டுக்குங்கடி"ன்னு சத்தம் போட, கூட்டம் வந்துடுச்சு :-)

இந்த இடத்துல எல்லாரும் "ஆஹா, என்ன சேவை!"ன்னு சொல்லுவோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன், பாட்டியோட கால் விரல் போற வரைக்கும்.

ஊருக்கெல்லாம் சர்க்கரை பாக்கற வீடு அது. பாட்டி கால்ல புண்ணு வந்து பத்து நாள் யாருக்கும் தெரியல. சித்தி காலையில கெளம்பினா சாயங்காலம், வந்தா ரெஜிஸ்டர், அப்புறம் அதே விவரம் திரும்ப போன்ல. ராத்திரி யாருக்காவது வலின்னா சித்தப்பா டிவிஎஸ் 50-ஐ எடுக்கணும். புள்ளைங்களுக்கு சோறு போட்டது பாட்டி. சம்பளம் ஒருத்தருக்கு, வேலை பார்த்தது குடும்பமே. கடைசியில ஒரு விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு. "ஊருக்கு நர்சம்மா. எனக்குத்தான் மக"ன்னு பாட்டி சொன்னாங்க. கோவமா, பெருமையான்னு எனக்கு இன்னிக்கும் புரியல.

சித்திக்காவது அரசாங்க சம்பளம், பென்ஷன் உண்டு. 2005-ல ஆரம்பிச்ச திட்டத்துல வந்த ஆஷா பணியாளர்கள் நாடு முழுக்க பத்து லட்சம் பேர் இருப்பாங்க. 2022-ல உலக சுகாதார நிறுவனம் அவங்களுக்கு விருது கொடுத்துச்சு. நம்ம 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-ல தொடங்கி 2024-ல ஐ.நா. விருது வாங்குச்சு. சந்தோஷம்தான். ஆனா ரெண்டுலயும் படி ஏறி இறங்குற பெண்களுக்குப் பேரு 'தன்னார்வலர்', கைக்கு வர்றது 'ஊக்கத்தொகை'. கைதட்டுறதுக்கு பட்ஜெட் தேவையில்லையே!

டவுன்லேர்ந்து தினம் வந்து போனா என்னன்னு சிலர் கேக்கறாங்க. தாராளமா போகலாம், அது அவங்க உரிமை. ஆனா கொல்லையில மாத்திரை கிடக்கறது அப்படி வந்து போறவங்க கண்ணுல படாது. அவங்க நம்ம ஊர்லயே, நம்ம பக்கத்து வீட்டுலயே இருக்கணும்னு ஆசைப்பட்டா அதுக்கான விலையை நாமதான் கொடுக்கணும். ஒழுகாத குவார்ட்டர்ஸ், வாரத்துல ஒரு நாள் நெசமான லீவு, ஒரே விவரத்தை ரெண்டு தடவை எழுத வைக்காத நிர்வாகம், தன்னார்வலர்னு சொல்லி ஏமாத்தாத சம்பளம். இதெல்லாம் தராம தியாகி பட்டம் மட்டும் கொடுத்தா, அவங்க வீட்டுப் பாட்டிகளோட காலை நாம கடனா வாங்கறோம்னுதான் அர்த்தம்.

சித்தி அடுத்த வருஷம் ரிட்டயர்ட். "புதுசா வர்ற பொண்ணு இங்கயே தங்குமா சித்தி?"ன்னு கேட்டேன். "கூரையைப் பாத்தா எப்படித் தங்கும்?"னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "தங்குச்சுன்னா போத்து ரெண்டு வெட்டிக் கொடுக்கணும்"னு சொல்லிட்டு, பாட்டி காலுக்கு மருந்து போடப் போயிட்டாங்க.