நேரம் போதவில்லை என்று சொல்லாதீர்கள்

அன்பான மாணவர்களுக்கும் உறவுகளுக்கும்,

வியாழக்கிழமை வாக்குப் போட்டோம். வெள்ளி விடிய முடிவு வந்தது. அன்று தொடங்கி இன்று ஞாயிறு மத்தியானம் வரை என்னுடைய ஃபோன் ஓயவில்லை. ரொறன்ரோவில் இருக்கிற மச்சான் "யாழ்ப்பாணத்துச் சனம் இனத்தை வித்துப்போட்டுது" என்று குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். லண்டனில் இருக்கும் ஒரு பழைய மாணவன் "சேர், தமிழ்த் தேசியம் முடிஞ்சு போச்சு, இனி அபிவிருத்தியைக் கதைப்பம்" என்று எழுதியிருக்கிறான். தோற்ற கட்சி ஒன்றில் நின்ற உறவுக்காரர் ஒருவர் "திடீரெண்டு பாராளுமன்றத்தைக் கலைச்சுப்போட்டாங்கள், நேரம் போதேல்லை" என்கிறார்.

மூன்று பேருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத இந்த வயதில் என் கண் இடம் தராது. அதனால் எல்லாருக்கும் பொதுவாக இங்கே எழுதுகிறேன். மூன்று பேர் சொல்வதும் பிழை. முப்பத்துச் சொச்சம் வருடம் கணக்குப் படிப்பித்தவன் நான். கணக்கை வைத்தே சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

முதலில் மச்சானுக்கு. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில், அதாவது கிளிநொச்சியும் சேர்ந்த மாவட்டத்தில், திசைகாட்டிக்கு விழுந்த வாக்கு 80,830. செல்லுபடியான வாக்குகளில் அது 24.85 வீதம். நூறு பேர் வாக்குப் போட்டிருந்தால் எழுபத்தைந்து பேர் வேறு யாருக்கோ போட்டிருக்கிறார்கள். கால்வாசிப் பேர் ஒரு கட்சிக்குப் போட்டதற்கு ஊரையே துரோகி என்று சொல்வது எந்த ஊர்க் கணக்கு? அந்தக் கால்வாசிப் பேரும் துரோகிகள் அல்ல. அவர்களில் என் பக்கத்து வீட்டுக்காரரும் இருக்கிறார். இரண்டு பிள்ளைகள் காணாமல் ஆக்கப்பட்ட குடும்பம். அவரைத் துரோகி என்று சொல்ல ரொறன்ரோவில் யாருக்கும் உரிமை இல்லை.

இனி லண்டன் தம்பிக்கு. அதே எழுபத்தைந்து வீதத்தை நீயும் பார். மட்டக்களப்பைப் பார். நாட்டிலுள்ள 22 தேர்தல் மாவட்டங்களில் திசைகாட்டி முதலாவதாக வராத ஒரே மாவட்டம் அதுதான். அங்கே உள்ள 5 ஆசனத்தில் 3 வீட்டுக்குப் போனது. முடிந்து போன ஒன்றுக்கு இப்படி வாக்கு விழாது. தேசியம் முடிந்ததா இல்லையா என்பது பெரிய விவாதம். ஆனால் இந்த முடிவை வைத்து அதை நிரூபிக்க முடியாது. விடை சரியாக இருந்தாலும் வழி பிழையென்றால் நான் புள்ளி போடுவதில்லை என்பது உனக்குத் தெரியும்.

மூன்றாவது ஆளின் கதைதான் எனக்குக் கோபம் மூட்டியது. "நேரம் போதேல்லை."

செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல். 23 பதவிப் பிரமாணம். 24 நள்ளிரவோடு பாராளுமன்றம் கலைந்தது. வேட்புமனு ஒக்டோபர் 4 தொடக்கம் 11 வரை. நவம்பர் 14 வாக்கெடுப்பு. கலைத்த நாளில் இருந்து வேட்புமனு முடியும் வரை 17 நாள்தான், அது உண்மை. 2025 ஓகஸ்ட் வரை இருந்திருக்க வேண்டிய பாராளுமன்றத்தை முன்கூட்டியே கலைத்தார்கள், அதுவும் உண்மை. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று நம்முடைய ஆட்கள்தான் சொல்லி வைத்தார்கள். பாராளுமன்றத்தில் 3 பேரை மட்டும் வைத்திருந்த ஒரு கட்சியின் தலைவர் ஜனாதிபதியானால் வேறென்ன செய்வார்? வென்றால் கலைப்பேன் என்று அவர் முன்பே சொல்லிக்கொண்டுதான் இருந்தார். இதில் ஒளிப்பு மறைப்பு எதுவும் இல்லை.

இன்னொன்று. பாராளுமன்றத்தை எப்போது கலைக்கலாம், எப்போது கலைக்கக் கூடாது என்பதை இந்த நாட்டில் மற்ற எவரையும் விட நன்றாகத் தெரிந்தவர்கள் நம்மவர்கள். 2018 நவம்பரில் மைத்திரிபால சிறிசேன நாலரை வருடம் முடியாமலே பாராளுமன்றத்தைக் கலைத்தபோது உயர் நீதிமன்றம் போனவர்களில் சம்பந்தன் ஐயாவும் ஒருவர். டிசம்பர் 13 இல் ஏழு நீதியரசர்களும் ஒரே குரலில் அது செல்லாது என்றார்கள். அதற்குப் பிறகு அரசியலமைப்பு மாறியது. இரண்டரை வருடம் கழிந்தால் ஜனாதிபதி தன் விருப்பப்படி கலைக்கலாம் என்று வந்தது. 2020 ஓகஸ்டில் கூடிய பாராளுமன்றத்துக்கு 2023 பெப்ரவரியோடு அந்த இரண்டரை வருடம் முடிந்துவிட்டது. அன்று தொடக்கம் எந்த இரவும் கலைக்கப்படலாம் என்று தெரிந்த கட்சிகள் ஒன்றரை வருடம் என்ன செய்துகொண்டிருந்தன?

சொல்கிறேன். 2023 ஜனவரியில், உள்ளூராட்சித் தேர்தலைச் சாட்டி, கூட்டமைப்பை உடைத்தார்கள். 2020 இல் ஒரே வீட்டுச் சின்னத்தில் கேட்ட தமிழரசும் ரெலோவும் புளொட்டும் அதோடு பிரிந்தன. உடைத்துக் கேட்க நின்ற அந்தத் தேர்தலோ நடக்கவே இல்லை, காசில்லை என்று அரசாங்கம் தள்ளிப் போட்டது. தேர்தல் வரவில்லை, பிரிவு மட்டும் வந்தது. 2024 ஜனவரியில் தமிழரசுக் கட்சி தலைவரைத் தெரிய வாக்கெடுப்பு வைத்தது. நல்ல விஷயம் என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் ஒரு மாதம்கூட இருக்கவில்லை, விஷயம் நீதிமன்றப் படி ஏறியது. செப்டெம்பரில் ஒரு பகுதி பொது வேட்பாளர் என்றது, இன்னொரு பகுதி சஜித் என்றது. பொது வேட்பாளரின் சங்கை ஒக்டோபரில் ஒரு கூட்டணி தன் சின்னமாக எடுத்துக்கொண்டது. அதற்கும் ஒரு சண்டை. ஒன்றரை வருடத்தையும் இப்படிச் செலவழித்தவர்கள் 17 நாள் போதவில்லை என்கிறார்கள்.

அதே 17 நாளுக்குள் திருகோணமலையில் வீடும் சங்கும் ஒரே பட்டியலில், வீட்டுச் சின்னத்தில் இறங்கின. அங்கே ஒரு தமிழ் ஆசனம் தப்பியது. திருகோணமலைக்கு மட்டும் யாரும் கூடுதலாக நாள் கொடுக்கவில்லை. பிரிந்து நின்றால் ஒன்றுமே இல்லை என்ற பயம் அங்கே இருந்தது. யாழ்ப்பாணத்தில் அந்தப் பயம் இல்லை. யார் கேட்டாலும் ஆசனம் நமக்குத்தானே என்ற மிதப்பு.

இப்போது கணக்குக்கு வருகிறேன். பென்சிலும் பேப்பரும் எடுங்கள்.

நமது மாவட்டத்துக்கு 6 ஆசனம். 2010 இல் 9 இருந்தது, 2020 இல் 7. சனம் குறையக் குறைய ஆசனமும் குறைகிறது. அந்த 6 க்கு 23 கட்சிகளும் 21 சுயேச்சைக் குழுக்களும் போட்டி போட்டன. 44 பட்டியல், ஒவ்வொன்றிலும் 9 பேர், மொத்தம் 396 வேட்பாளர்கள்.

முதலாவதாக வந்த பட்டியலுக்கு ஒரு போனஸ் ஆசனம். பிறகு 5 வீதத்துக்குக் குறைவாக எடுத்தவர்களை வெட்டிவிடுவார்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்கள் ஆறு பேர்: திசைகாட்டி 80,830, வீடு 63,327, சைக்கிள் 27,986, ஊசி 27,855, சங்கு 22,513, வீணை 17,730. கூட்டினால் 240,241. போனஸ் போக மிச்சம் 5 ஆசனம், அதனால் 5 ஆல் பிரித்தால் ஓர் ஆசனத்தின் விலை 48,048 வாக்கு. திசைகாட்டிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. மிச்சமுள்ள மூன்றும் கூடிய மீதி வாக்கு உள்ளவர்களுக்கு: திசைகாட்டியின் மீதி 32,782, பிறகு சைக்கிள், பிறகு ஊசி. போனஸோடு சேர்த்துத் திசைகாட்டிக்கு 3, மற்ற மூன்று பேருக்கும் ஒவ்வொன்று. சங்குக்கு ஒன்றும் இல்லை.

இனி வீட்டையும் சங்கையும் கூட்டுங்கள். 85,840. திசைகாட்டியை விட 5,010 கூட. போனஸ் ஆசனம் இந்தப் பக்கம் வருகிறது. முழுக் கணக்கையும் திரும்பப் போட்டால் வீடும் சங்கும் சேர்ந்து 3, திசைகாட்டிக்கு 2, சைக்கிளுக்கு 1. வாக்கு மாறாமல், வாக்காளர் மாறாமல், இரண்டு தலைமைகள் ஒரு மேசையில் இருந்திருந்தால் இன்று தலைப்புச் செய்தி வேறு. 5,010 வாக்கு ஒரு வரலாற்றுத் திருப்பம் என்று என்னை நம்பச் சொல்லாதீர்கள்.

"சேர், வாக்கு அப்பிடியே கூடாது, சேர்ந்தால் சிலர் கோபிச்சுப் போடாமல் விடுவினம்" என்று கெட்டிக்காரர் ஒருவர் கேட்பார். சரியான கேள்வி. சேர்ந்தால் வருகிறவர்களும் உண்டு என்பதையும் கணக்கில் எடு. 2020 இல் கூட்டமைப்பு இங்கே எடுத்தது 112,967. இன்று இரண்டு துண்டையும் கூட்டினாலும் 27,000 குறைவு. அந்தச் சனம் சண்டையைப் பார்த்து வெறுத்துத்தான் போனது என்று நான் நினைக்கிறேன். அவர்களை யாரும் களவெடுக்கவில்லை. செப்டெம்பரில் இந்த மாவட்டத்தில் 27,086 எடுத்தவர்கள் 54 நாளில் 80,830 எடுத்தார்கள். அவ்வளவு சனம் அந்த 54 நாளுக்குள் மார்க்சியம் படித்திருக்கும் என்று நினைக்கிறீர்களா?

எல்லாக் கட்சியும் ஒரே குடையின் கீழ் வரவேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. சைக்கிளையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் 3 தான் வருகிறது, தனியாக நின்றால் சைக்கிளுக்குக் கிடைக்கும் ஒன்று இல்லாமல் போகிறது. கொள்கை வேறானவர்கள் தனியே நிற்கலாம், அதுதான் பல கட்சி ஜனநாயகம். 2004 இலும் முன்கூட்டியே கலைத்துத்தான் தேர்தல் வைத்தார்கள். அன்று கூட்டமைப்பு 22 ஆசனம் எடுத்ததை இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறீர்கள். அந்த ஒற்றுமை எந்த நிழலில் நின்றது என்பது இங்கே இருந்த எங்களுக்குத் தெரியும். அப்படி ஒன்று திரும்ப வேண்டாம். கொள்கையில் ஒரு வித்தியாசமும் இல்லாமல் கதிரைக்காகப் பிரிந்தவர்களைத்தான் நான் கேட்கிறேன்.

இன்னும் ஒரு கணக்கு. வெட்டுப்புள்ளிக்குக் கீழே போன 38 பட்டியல்களின் வாக்கையும் கூட்டினால் 85,071. முதலாவதாக வந்தவர்களை விடக் கூட. ஒரு ஆசனமும் இல்லை. அதைவிட முப்பதாயிரத்துக்கு மேல் நிராகரிக்கப்பட்ட வாக்கு. சைக்கிளும் ஊசியும் தலா ஓர் ஆசனம் எடுத்ததை விடக் கூடுதலான வாக்கு செல்லாமல் போயிருக்கிறது. 44 சின்னம் உள்ள சீட்டைக் கையில் வாங்கிய வயோதிப அம்மா ஒருவர் என் முன்னால் நின்றார். மேலிருந்து கீழே விரலை வைத்துத் தேடிக்கொண்டே இருந்தார். எங்கே புள்ளடி போட்டாரோ தெரியாது.

இனி என் பிழையைச் சொல்கிறேன். ஒக்டோபர் கடைசியில் ஒரே கிழமையில் என்னிடம் படித்த மூன்று பேர் மூன்று சின்னத்தோடு வீட்டுக்கு வந்தார்கள். மூன்று பேரும் நல்ல பிள்ளைகள். மூன்று பேருக்கும் தேத்தண்ணி கொடுத்து, மூன்று பேரையும் "வெல்லுவாய்" என்று ஆசீர்வதித்து அனுப்பினேன். ஒருவரிடமாவது "தம்பி, உனக்கும் மற்றவருக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்கவில்லை. வகுப்பில் என்றால் கேட்டிருப்பேன். கடைசியில் பாசத்தால் ஒரு சுயேச்சைக் குழுவுக்குப் போட்டேன். அந்த 85,071 இல் என்னுடையதும் ஒன்று.

வெளிநாட்டில் இருப்பவர்களே, உங்களுக்கும் பங்கு உண்டு. லண்டன் பெறாமகன் ஒரு குழுவுக்குக் காசு அனுப்பினார். அவருடைய மச்சினன் பாரிஸில் இருந்து அதற்கு எதிர்க் குழுவுக்கு அனுப்பினார். இரண்டுமே வெட்டுப்புள்ளிக்குக் கீழே. அந்தக் காசுக்கு நாலு பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்த் தாங்கி கட்டியிருக்கலாம்.

அடுத்த சோதனை தூரத்தில் இல்லை. 2023 மார்ச்சில் நடந்திருக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலை வைக்காதது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் சொல்லியிருக்கிறது. 2018 ஒக்டோபரோடு காலம் முடிந்த வட மாகாண சபைக்கும் ஒருநாள் தேர்தல் வரும். திகதி வந்த பிறகு கூட்டம் போடாதீர்கள், இப்போதே போடுங்கள். காசு அனுப்புகிறவர்கள் அனுப்ப முன் ஒரு கேள்வி கேளுங்கள்: போன முறை எத்தனை வாக்கு, மற்றவரோடு ஏன் சேரவில்லை? இங்கே இருப்பவர்கள் உங்கள் வீட்டு வயோதிபருக்குப் புள்ளடி போடும் முறையைக் காட்டிக் கொடுங்கள். கதைக்க வருகிற வேட்பாளருக்குத் தேத்தண்ணியோடு கேள்வியையும் கொடுங்கள்.

நானும் தொடங்கிவிட்டேன். அந்த மூன்று மாணவர்களையும் வருகிற ஞாயிறு பின்னேரம் என் வீட்டு விறாந்தைக்கு வரச் சொல்லி நேற்று செய்தி அனுப்பினேன். ஒருவர் கட்டாயம் வருகிறேன் என்றார். இன்னொருவர், மற்றவர் வந்தால் தான் வரமாட்டேன் என்றார். மூன்றாமவர் பார்த்துவிட்டார், நீலக்குறி தெரிகிறது, பதில் இல்லை.

தம்பி, இதை வாசித்தால் பதில் போடு. கதிரை மூன்று போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய கணக்குச் சேர்