இல்லறப் பகுதி: பின்கட்டு அடுக்களைக்கு வெளிச்சம்

யாங்கோன் நகரின் மையப் பகுதியில் குடியிருக்கும் அன்பர்களின் இல்லங்கள் பலவும் ஒரே மாதிரியானவை. அகலம் பன்னிரண்டரை அடி. நீளம் ஐம்பது அடி. தெருவைப் பார்த்த வராந்தா, அதையடுத்து ஹால், பலகைத் தடுப்பு வைத்த ஓரிரு அறைகள், கடைசியில் சமையலறையும் குளியலறையும். முன்பக்கம் நுழையும் வெளிச்சம் நடு அறையைத் தாண்டுவதில்லை. வீட்டில் அதிக நேரம் நின்றுகொண்டே உழைப்பவருக்கு வாய்த்திருப்பதோ வீட்டிலேயே இருண்ட இடம்.

இது கட்டிய மேஸ்திரியின் குற்றமன்று. 1852-ல் ஆங்கிலேயர் ரங்கூனைப் பிடித்த பின், மாண்ட்கோமரி என்ற வைத்தியரும் பிரேஸர் என்ற ராணுவப் பொறியாளரும் வகுத்த திட்டம் இது. 100 அடி வீதிகள், அவற்றினிடையே 50 அடியும் 30 அடியுமான தெருக்கள், தெருமுகப்பில் குறுகிப் பின்னால் நீண்ட மனைகள். இரண்டு வரிசை வீடுகளின் முதுகுப்புறத்தில் கழிவுநீருக்கென ஒரு சந்து. குழாயும் சாக்கடையும் அங்கே இருப்பதால் அடுப்பும் அங்கேயே போயிற்று.

இப்போது இளைய தலைமுறையினர் திறந்த சமையலறை வேண்டும் என்கிறார்கள். ஹாலும் அடுக்களையும் ஒன்றாகி, சமைப்பவரும் வந்தவர்களோடு பேசிக்கொண்டிருக்கலாம் என்ற எண்ணம் நல்லதே. அடுப்புப் புகையும் அற்ப விஷயமல்ல. விறகு, கரி போன்றவற்றால் வீட்டுக்குள் சேரும் புகையினால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. மின்வெட்டு நேரங்களில் மின் அடுப்பை ஒதுக்கிவிட்டுக் கரி அடுப்பை மூட்டும் வீடுகள் இந்நகரில் எத்தனை என்பது யாவரும் அறிந்ததே.

ஆனால் திறந்த சமையலறை என்றதும் சுத்தியலை எடுத்துச் சுவரை உடைப்பதுதான் முதல் வேலை என்று நினைத்துவிடக் கூடாது. பழைய கட்டிடங்களில் மேல்மாடிகளின் பாரத்தை ஏற்பது பெரும்பாலும் செங்கல் சுவர்களே. தேக்கு உத்திரங்கள் அவற்றின்மேல்தான் அமர்ந்திருக்கின்றன. பிற்காலக் கான்கிரீட் கட்டிடங்களில் தூணும் உத்திரமும் பாரத்தைத் தாங்கும். நாலரை அங்குலச் சுவர் அநேகமாக வெறும் தடுப்பாக இருக்கும். ஒன்பது அங்குலமும் அதற்கு மேலும் கனமுள்ள சுவரில் பொறியாளர் பார்க்காமல் ஒரு செங்கல்லைக்கூட அசைக்கலாகாது. உடைப்பது மூன்றாம் மாடிக்காரரானாலும் ஆபத்து ஆறாம் மாடிக்காரருக்கும் உண்டு. 1930 மே 5-ஆம் தேதி பெகுவை அழித்த நிலநடுக்கம் ரங்கூனிலும் உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2025 மார்ச் 28-ல் மாண்டலேயும் சகாயிங்கும் பட்ட பாடு எவருக்கும் மறந்திராது. அதே சகாயிங் பிளவு யாங்கோனுக்கும் வெகு தூரத்தில் இல்லை.

உடைக்காமல் என்ன செய்வது? முதலில், இடம் சிறியது என்ற புகாரைச் சற்று ஒதுக்கி வைக்கலாம். 1926-ல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டிடக் கலைஞர் வகுத்த அடுக்களை ஏறக்குறைய ஆறேகால் அடிக்குப் பதினோரு அடிதான். யாங்கோன் வீட்டுப் பின்கட்டில் அதற்குக் குறையாத இடம் பல வீடுகளில் கிடைக்கும். அந்த அம்மையார் செய்தது இவ்வளவே: வேலை மேடையை ஜன்னலடியில் வைத்தார், எட்டும் தூரத்தில் எல்லாச் சாமான்களையும் அடுக்கினார், சாப்பாட்டு அறைக்குத் தள்ளுகதவு ஒன்று போட்டார். உலகமெங்கும் நவீன சமையலறை என்று பெயரெடுத்தது அதுதான்.

இங்கும் அதைச் செய்யலாம். சந்துப் பக்கத்து ஜன்னலை மறைத்து நிற்கும் அலமாரியையும் பழைய டின்களையும் அகற்றினாலே பாதி வேலை முடிந்தது. ஜன்னலுக்குக் கண்ணாடிப் பட்டை ஜலூசி போட்டால் மழையிலும் காற்று வரும். ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடுவே இருப்பது பலகைத் தடுப்பானால், அதன் மேல் மூன்றடியை எடுத்துவிட்டுக் கண்ணாடியோ வலைச் சட்டமோ பொருத்தலாம். கீழ்ப்பாகம் இருந்தபடியே இருக்கட்டும். முன்வாசல் காற்று பின்ஜன்னல் வழியாக வெளியேற வழி பிறக்கும். மின்சாரம் போனதும் நின்றுவிடும் புகைபோக்கி விசிறியை நம்ப வேண்டியதில்லை. சுவருக்கு வெள்ளை, மேடைக்குப் பின்னே வெளிர் நிற ஓடு. மிளகாய் தாளிக்கிற வீட்டில் முழுவதும் திறந்த அடுக்களையைவிட, மூடித் திறக்கும் கண்ணாடித் தள்ளுகதவே உத்தமம். பட்டுப் புடவைக்கும் நல்லது, சுவாமி மாடத்துப் படங்களுக்கும் நல்லது.

அக்னி மூலை பற்றிப் பெரியவர்கள் கவலைப்படுவதுண்டு. நகர மையத்தின் எண் தெருக்கள் வடக்கு தெற்காக ஓடுவதால் வீடுகள் கிழக்கையோ மேற்கையோதான் பார்த்திருக்கும். மேற்குப் பார்த்த வீட்டுக்குப் பின்கட்டு கிழக்கே. தென்கிழக்கு மூலை அங்கேயே இருக்கிறது, காலை வெயிலும் அங்கேதான் விழும். கிழக்குப் பார்த்த வீட்டுக்குப் பின்கட்டில் வடமேற்கு, அதாவது வாயு மூலை கிடைக்கிறது. அக்னி மூலை வாய்க்காதபோது வாயு மூலையில் அடுப்பு வைப்பது வழக்கத்தில் உள்ளதே. குழாயைப் பிடுங்கிக்கொண்டு வராந்தாவுக்கு ஓட வேண்டிய அவசியமில்லை.

மாடிக்கு மாடி வைத்தியம் வேறு. மேல்மாடிகளுக்கு ஜன்னல் திறந்தால் போதும். முதல் மாடி, இரண்டாம் மாடிக்காரர்களுக்கோ ஜன்னல் திறந்தால் வருவது சந்தின் நாற்றம். மேலிருந்து வீசும் குப்பைப் பைகள் அங்கே குவிந்து, மழைக்காலத்தில் சாக்கடை அடைத்து, எலி குடியேறிவிட்டால் எந்த நாகரிக அடுக்களையும் பயன் தராது. 2010-களின் பிற்பகுதியில் 'தோ எயின்' என்ற அமைப்பு, குடியிருப்பவர்களைக் கூட்டிக்கொண்டு நகர மையத்தின் சில பின்சந்துகளைத் துப்புரவாக்கி, செடி வைத்து, சுவர்களில் வண்ணம் தீட்டி, குழந்தைகள் விளையாடும் தோட்டமாக்கிக் காட்டியது. பர்மியத்தில் அப்பெயருக்கு 'நம் வீடு' என்று பொருள். கட்டிடத்தில் உள்ள குடும்பங்கள் குப்பையை வீசாமல் கீழே கொண்டுபோய்ச் சேர்ப்பதென்று ஒப்புக்கொண்டாலே கீழ்மாடிக்காரர் ஜன்னலைத் திறக்கலாம். ஓடு வாங்கும் செலவுகூட இதற்கு இல்லை.

வேலை தொடங்கும் காலம் கார்த்திகைக்கு மேல், மழை ஓய்ந்த பிறகு. பூச்சு நன்றாகக் காயும். திஞ்ஜான் நெருங்கினால் கொத்தனார்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், ஆகவே மாசிக்குள் முடித்துக்கொள்வது நலம். வாடகை வீடானால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் பெறவேண்டும். குழாய் மாற்றுவதானால் கீழ்வீட்டாரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அவர்கள் கூரையில்தான் முதலில் ஒழுகும்.